வேறு வருமானம் உண்டு மாமா

பெண் வீட்டார் கேட்டது வழக்கமான கேள்விதான். "மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்?"

பையன் அஞ்சல் துறைக்காரன். தோளில் தொங்குவது மத்திய அரசின் பை, கையில் இருப்பது மத்திய அரசின் கருவி. அவன் சொன்னான்: "சம்பளம் கிடையாது மாமா. படி."

"அரிசிப் படியா?"

தூத்துக்குடிக் கடற்கரையில், பெரியதாழைப் பக்கம் இப்படி ஒரு பேச்சு நடந்ததற்கு என்னிடம் சாட்சி கிடையாது. நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். கிளை அஞ்சலகங்களில் வேலை செய்யும் கிராமிய அஞ்சல் ஊழியருக்கு அரசு கொடுப்பதன் பெயர் டி.ஆர்.சி.ஏ. தமிழில் சொன்னால், நேரம் சார்ந்த தொடர்ச்சிப் படி. சம்பாவும் அளத்து உப்பும் சேர்ந்ததுதான் சம்பளம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உப்பு குவிந்து கிடக்கிற தூத்துக்குடி மாவட்டத்தில்கூட இவர்களுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க மனசு வரவில்லை.

காரணம் இருக்கிறது. சம்பளம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பின்னாலேயே சம்பளக் கமிஷன் வரும், பென்ஷன் வரும், பணிமூப்பு வரும். படி என்றால் படியளக்கிறவன் கையைப் பார்த்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வித்தையில் மாநில அரசும் இளைத்ததல்ல. மதிப்பூதியம், தொகுப்பூதியம், ஊக்கத்தொகை, சிறப்புக் காலமுறை ஊதியம் என்று சம்பளத்துக்கு எத்தனை மாறுவேடம்! 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. கொடுக்கிற காசு குறையக் குறையச் செந்தமிழ் கூடுகிறது.

அஞ்சல் துறையின் விதிப் புத்தகத்துக்குள் மூழ்கினால் இதைவிடப் பெரிய முத்து கிடைக்கும். கிராமிய அஞ்சல் ஊழியராகச் சேருகிறவர், அரசு தரும் படியைத் தவிர, தானும் தன் குடும்பமும் பிழைக்கப் போதுமான வேறு வருமானம் தனக்கு உண்டு என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொரு முறை படியுங்கள். "நாங்கள் தருவது உங்கள் சோற்றுக்குப் போதாது, அது எங்களுக்கே தெரியும், ஆகவே சோற்றுக்கு வழி பார்த்துக்கொண்டு வேலைக்கு வாருங்கள்" என்று வேலை கொடுக்கிறவனே எழுதி வாங்குகிறான். கந்துவட்டிக்காரன்கூட இவ்வளவு துல்லியமாக வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியதில்லை. கிளை அஞ்சலகத்துக்கு இடம் ஏற்பாடு செய்வதும் அங்குள்ள போஸ்ட்மாஸ்டர் பொறுப்பு. ஒரு கலெக்டரைப் பார்த்து, வரும்போது கலெக்டர் ஆபீசையும் கையோடு கொண்டு வாருங்கள் என்று யாராவது சொன்னதுண்டா?

இவர்களுக்கு முன்பு 'எக்ஸ்ட்ரா டிபார்ட்மெண்டல்' என்று பெயர், ஊரில் இ.டி. போஸ்ட்மேன் என்போம். 2001இல் அதை மாற்றி 'கிராமின் டாக் சேவக்' ஆக்கினார்கள். சேவகம் புண்ணியம், புண்ணியத்துக்குக் கூலி கேட்பது பாவம். 2014 சுதந்திர தினத்தன்று செங்கோட்டையில் நின்று பிரதமரும் தன்னைப் 'பிரதான் சேவக்' என்று சொல்லிக்கொண்டார். இரண்டு பேரும் சேவகர்கள்தான். வேறு வருமானம் உண்டு என்று எழுதித் தர வேண்டியவர் மட்டும் ஒருவர்.

வேலை எவ்வளவு நேரம்? தாளில் 4 மணி அல்லது 5 மணி. அதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. அந்த விதியை எழுதியவரை ஒரு நாள் இந்தக் கடற்கரைக்கு அழைத்துவர ஆசை. தெருவுக்கு நாலு அந்தோணி, மூன்று சவேரியார், இரண்டு ஸ்தேவான். கடிதத்தின் மேல் அந்தோணி என்று மட்டும் இருக்கும். எந்த அந்தோணி? தகப்பன் பேரும் பட்டப்பேரும் தெரிந்தால்தான் கடிதம் வீடு சேரும். அந்த அறிவு எந்தக் கணினியிலும் இல்லை, தபால்காரரின் தலையில் இருக்கிறது. தலைக்கு அரசு படி தருவதில்லை.

அடுத்த வாசலில் ஒரு பாட்டி. "ஏ தபாலு, எம் பணம் வந்துச்சாய்யா?" முதியோர் பணம். கருவியில் பெருவிரலை வைத்தால் ரேகை விழாது. ஐம்பது வருஷம் கருவாடு உலர்த்தி, உப்பில் ஊறி, கயிறு இழுத்துத் தேய்ந்த விரல். ஈரத்துணியால் துடைத்து, அந்தக் கையை மாற்றி இந்தக் கை, பெருவிரல் போய் ஆள்காட்டி விரல். ஏழாவது முறை விழும், அப்போது பார்த்து சிக்னல் போகும். இதெல்லாம் அந்த நாலு மணிக் கணக்கில் எந்தப் பத்தியில் வருகிறது? செல்வமகள் கணக்குப் பிடி, இன்சூரன்ஸ் பிடி, பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கு திற, ஞாயிற்றுக்கிழமை மேளாவுக்கு வா என்று டார்கெட் வைக்கும்போது மட்டும் அவர் முழுநேரம். மாசக் கடைசியில் மறுபடி நாலு மணி நேரக்காரர். குளத்தூர்ப் பஸ் மாதிரி, ஏறும்போது எக்ஸ்பிரஸ், இறங்கும்போது டவுன் பஸ்.

முத்துக் குளித்த காலம் இதைவிட மரியாதையாக இருந்திருக்கிறது. வெள்ளைக்கார சர்க்கார் கொள்ளையடிக்க வந்த சர்க்கார்தான். ஆனால் குளியாள் மூச்சடக்கி எடுத்து வந்த சிப்பியில் மூன்றில் இரண்டை எடுத்துக்கொண்டு ஒன்றை அவனுக்கு விட்டது. சுறா அண்டாமல் மந்திரம் ஓதிய கடல்கட்டிக்கும் சிப்பியில் பங்கு உண்டு. சுறாவின் வாயைக் கட்டினாரோ இல்லையோ, அவரிடம் யாரும் 'வேறு வருமானம்' கேட்கவில்லை. தூத்துக்குடிக் கரையில் 1961க்குப் பிறகு அந்தக் குளிப்பும் நின்றுபோனது. இன்றைக்கு ஊர் ஊராக மூழ்கிச் சேமிப்புப் பணத்தைக் கரைசேர்க்கிற குளியாளுக்கு எத்தனையில் ஒரு பங்கு?

கணக்கைப் பார்ப்போம். 7வது சம்பளக் கமிஷன் மத்திய அரசின் கடைசிப் படிநிலை ஊழியருக்குக் குறைந்தபட்சம் 18,000 என்றது, 1.1.2016 முதல். சேவகர் அந்தப் பந்தியில் உட்காரக் கூடாது. அவருக்குத் தனி கமிட்டி, கமலேஷ் சந்திரா தலைமையில். 2016 நவம்பரில் அறிக்கை வந்தது. வந்து, தூங்கியது. 2018 மே 22ஆம் தேதி ஊழியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிராமங்களில் தபால் பை அவிழாமல் கிடந்த பதினாறாவது நாள், ஜூன் 6, மத்திய அமைச்சரவைக்கு விழிப்பு வந்தது. 4 மணி நேர உதவியாளருக்கு 10,000. கிளை போஸ்ட்மாஸ்டருக்கு 12,000. 5 மணி நேரமானால் முறையே 12,000, 14,500. அகவிலைப்படி தனி, அதை நான் மறைக்கவில்லை. வேலை முடிந்து போகும்போது கருணைக் கொடை உச்சவரம்பு 60,000த்திலிருந்து ஒன்றரை லட்சமாக உயர்ந்தது. நிரந்தர ஊழியருக்கு அதே உச்சவரம்பு அன்று 20 லட்சம். மற்றவருக்குப் பணிக்கொடை, இவருக்குக் கருணை.

2024 மார்ச்சில், தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன்னால், இன்னொரு கருணை பெய்தது. 12 ஆண்டு பணி முடித்தால் ஆண்டுக்கு 4,320 ரூபாய் உயர்வு. மாதத்துக்கு 360. நாளைக்கு 12 ரூபாய். வருஷம் பன்னிரண்டு, ரூபாய் பன்னிரண்டு, எதுகை மோனை தவறவில்லை. 36 ஆண்டு மிதித்துத் தீர்த்தால் ஆண்டுக்கு 7,200, அதாவது நாளுக்கு 20. பெரியதாழையில் ஒரு டீயும் ஒரு வடையும் வாங்கலாம், வடை சின்னதாக இருந்தால்.

சரியாக ஓராண்டு கழித்து 2025 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ஆனது. 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு. அவர்களுக்கு அது சம்பளம்தான், படி தனியாக, நாளுக்கு 2,500. பென்ஷன் 31,000. ஐந்தாண்டுக்கு மேல் இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதம் 2,500 கூடுதல். கமிட்டி தூங்கவில்லை, யாரும் பந்தலில் உட்காரவில்லை, பதினாறு நாள் சட்டம் அவிழாமல் கிடக்கவில்லை. நம் சட்டமன்ற உறுப்பினர்களும் 2017இல் 55,000த்தை 1,05,000 ஆக்கிக்கொண்டார்கள். விலைவாசி அவர்கள் தெருவில் மட்டும் ஏறியிருக்கும் போல.

வேட்புமனுவோடு இவர்கள் கொடுக்கும் சொத்துப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தோட்டம், கல்லூரி, கம்பெனிப் பங்கு, நகை. 'வேறு வருமானம் உண்டு' என்று பொய் சொல்லாமல் கையெழுத்துப் போடக்கூடிய தகுதி இந்த நாட்டில் யாருக்காவது இருக்கிறதென்றால் இவர்களுக்குத்தான். அவர்களிடம் கேட்க வேண்டிய உறுதிமொழியை, விலாசம் தவறி, தபால்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

"பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போகட்டுமே, 2024இல் 44,228 இடத்துக்கு எத்தனை பேர் முண்டியடித்தார்கள்" என்பார் ஒருவர். கஞ்சித்தொட்டி முன்னால் வரிசை நீளம் என்றால், கஞ்சி கெட்டியாக இருக்கிறது என்றா அர்த்தம்? இன்னொருவர் சட்டம் பேசுவார். சட்டமும் பேசியாயிற்று. இவர்கள் வகிப்பது அரசுப் பதவியே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் ராஜம்மா வழக்கில் சொன்னது. துறை தலையாட்டிவிட்டு, சேவகர் மத்திய அரசின் குடிமைப் பணிக்கு வெளியே நிற்பவர் என்று விதியில் எழுதிக்கொண்டது. வாசல் திறந்திருக்கிறது, உள்ளே வரக் கூடாது.

பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நாளை நம் கட்டுமரத்துக்கு மேலே செயற்கைக்கோள் போகும். கீழே தேரி மணலில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார், சைக்கிள் பராமரிப்புக்கும் ஒரு படி வாங்கிக்கொண்டு.

பெண் பார்த்த வீட்டை மறந்துவிட்டேனே. படி விவகாரத்தைக் கேட்டு மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அது கெடக்கட்டும் மாப்ளே. வேற வருமானம் ஏதும் உண்டுமா?"

"உண்டு மாமா. கவர்மெண்டுக்கே எழுதிக் குடுத்திருக்கேன்."

"அப்படியா! என்ன வருமானம்?"

பையன் காபித் தட்டோடு நின்ற பெண்ணை நிமிர்ந்து பார்த்தான். "பொண்ணுக்கு ஓலைப்பெட்டி முடையத் தெரியுமா மாமா?"