ஹார்டு டிஸ்க் நோய்நாடலும் மாற்றுத் தேர்வும்: ஓர் இல்லறவியல் ஆய்வு

வீட்டுக் கணினியின் சீர்கேடு மந்தம், முரண்டு, மரணம் என மூன்று பருவங்களைக் கொண்டது. முதல் இரண்டு பருவங்களில் வீட்டிலுள்ள அனைவரும் வைத்தியர்கள். மூன்றாவதில்தான் வைத்தியரைத் தேடும் படலம் தொடங்குகிறது. இவற்றுள் நீண்டது மந்தப் பருவம். சுவிட்சைப் போட்டுவிட்டுக் காபி கலக்கப் போனவர், காபியைக் குடித்து டம்ளரையும் கழுவிவைத்துவிட்டுத் திரும்பும்போது திரையில் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் இப்பருவம் தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம். இல்லத்தார் இதை நோயாகக் கருதுவதில்லை. வயதாகிவிட்டது என்கிறார்கள்.

மந்தத்தின் காரணம் பற்றி இரு கோட்பாடுகள் நிலவுகின்றன. பையன் ஏற்றிய கேம்களே காரணம் என்பது மூத்தோர் கோட்பாடு. அப்பா வாட்ஸ்அப்பிலிருந்து இறக்கிச் சேமித்த காலை வணக்கப் படங்களே காரணம் என்பது இளையோர் கோட்பாடு. டிஸ்க் நிரம்பினால் வேகம் குறையும் என்ற எடுகோளின் மேல்தான் இரண்டும் நிற்கின்றன. அந்த எடுகோளில் கொஞ்சம் உண்மையும் உண்டு. சுழலும் தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றில் படிக்கக்கூடிய தகவலில் ஏறக்குறைய பாதிதான் உள் விளிம்பில் கிடைக்கும். இடம் வெளியிலிருந்து உள்நோக்கி நிரம்புவதால் தாமதமாக வந்த கோப்புகள் மெதுவான பகுதியில் குடியேறுகின்றன. ஆனால் டம்ளர் கழுவும் அளவு தாமதத்தை இது விளக்காது. தட்டில் பழுதாகிவரும் செக்டரை, அதாவது தகவல் கட்டத்தை, படிக்க முடியாதபோது டிஸ்க் அதை உடனே ஒப்புக்கொள்வதில்லை. மறுபடி மறுபடி படித்துப் பார்க்கிறது. ஒவ்வொரு செக்டருக்கும் சில விநாடிகள் கரைகின்றன. அதுவரை விண்டோஸ் வாய்மூடிக் காத்திருக்கிறது. காலை வணக்கங்கள் அனைத்தும் அழிக்கப்பட்டு, கேம்களும் நீக்கப்பட்ட பிறகும் மந்தம் நீடிக்கும் வீடுகளில் இரு கோட்பாடுகளும் ஒரே மாலையில் பொய்க்கின்றன. எனினும் எந்தத் தரப்பும் தன் கோட்பாட்டைத் திரும்பப் பெற்றதாகத் தெரியவில்லை.

முரண்டுப் பருவத்தில் கணினி பாதியில் நிற்கும், தானே ரீஸ்டார்ட் ஆகும், நீலத் திரை காட்டும். இக்கட்டத்தில் உறவினர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். “நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, என்னன்னு பாரேன்டா” என்று பெரியம்மா சொல்வதே நியமன ஆணை. படித்தது சிவில் என்பதால் அந்த ஆணை செல்லாமல் போய்விடாது.

நியமிக்கப்பட்டவர் கையாளும் முறைகளுள் தொன்மையானது ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, மீண்டும் செருகுவது. பார்ப்பதற்கு மந்திரம்போல் இருந்தாலும் இதற்கு அடிப்படை உண்டு. ஈரக் காற்றும் தூசியும் சேர்ந்து தொடுமுனைகளில் படலம் கட்டும். கழற்றிச் செருகுவதே பாதி மருந்து, ரப்பர் மீதி. எல்லா நோய்க்கும் இதையே தருவதில்தான் பிழை. பீப் ஒலியோடு திரை இருண்டே கிடந்தால் ராமைச் சந்தேகிக்கலாம். பத்து நிமிடம் ஓடிவிட்டுப் பொசுக்கென்று அணைந்தால் பிராசசர் விசிறியில் அடைந்த தூசியையும், அதன் அடியில் காய்ந்துபோன பசையையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தேதி பழைய ஆண்டுக்குப் போய், வங்கியின் இணையதளம் பாதுகாப்பற்றது என்று பிரவுசர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் குற்றவாளி மதர்போர்டில் இருக்கும் மூன்று வோல்ட் சிஆர்2032 பேட்டரி. இந்தக் குறையைத் தீர்க்க ஆகும் செலவு, அதற்கு முன் வைரஸ் என்று பழி சுமத்தி வாங்கப்பட்ட ஆன்டிவைரஸின் விலையில் ஒரு சிறு பகுதி.

இவை எதுவும் பொருந்தாமல், டிஸ்க் விளக்கு அணையாமல் எரிய, மவுஸ் அம்புக்குறி மட்டும் உயிரோடு நகர, எதைச் சொடுக்கினாலும் திறக்காவிட்டால் ஐயம் ஹார்டு டிஸ்க்கின் மேல் விழ வேண்டும். நடைமுறையில் அது விண்டோஸின் மேல் விழுகிறது. பார்மட் போட்டால் சரியாகிவிடும் என்ற தீர்ப்பு வருகிறது. கொடுமை என்னவென்றால், சரியாகியும் விடுகிறது. பழுதான செக்டரின் மேல் புதிதாக எழுத வரும்போது டிஸ்க் அதை ஒதுக்கிவிட்டு, தன்னிடமுள்ள உதிரி செக்டர் ஒன்றை அதன் இடத்தில் அமர்த்திக்கொள்ளும். ஆகவே பார்மட்டுக்குப் பிந்தைய சில வாரங்கள் தேனிலவு. உதிரிகள் தீர்ந்ததும் பழைய கதை திரும்புகிறது. காப்பாற்றியிருக்க வேண்டிய கோப்புகள் மட்டும் திரும்புவதில்லை. நோயாளி பிழைத்ததாகக் கணக்கு எழுதப்படும் இந்தச் சிகிச்சைதான் வேறெந்தச் சிகிச்சையையும்விட அதிகக் கல்யாண ஆல்பங்களைக் கொன்றிருக்கும் என்று ஊகிப்பதற்கு இடமுண்டு.

அடுத்து வருவது செவிவழிச் சோதனை. சாதாரண ஹார்டு டிஸ்க்கின் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. 7200 என்றால் விநாடிக்கு 120 சுற்று. படிக்கும் ஹெட், தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. தான் எந்தத் தடத்தின் மேல் இருக்கிறோம் என்பதைத் தட்டிலேயே எழுதப்பட்ட குறிகளைப் பார்த்துத்தான் அது அறிகிறது. ஹெட் கெட்டாலோ, குறிகள் தெரியாமல் போனாலோ, அது புறப்பட்ட இடத்துக்கே திரும்பி மறுபடி முயல்கிறது. சீரான இடைவெளியில் எழும் டொக் டொக் ஒலியின் மூலம் இதுவே. ஹாலில் படுத்திருக்கும் பாட்டிதான் பெரும்பாலும் இதை முதலில் கேட்பவர். பல்லி என்று அவர் சொல்வது தவறான நோயறிதல்தான். ஆனால் கெட்ட சகுனம் என்பது சரி.

இப்படிக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய தேவை ஆதியில் இல்லை. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளையும், ஏறக்குறைய ஒரு டன் எடையையும், 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும் இடத்தையும் உடையது. இன்றைய கைபேசியில் எடுத்த படம் ஒன்று அதில் அடங்காமல் போகக்கூடும். ஆனால் அது பழுதானால் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற வசதி இருந்தது. அந்த வசதி பின்னர் வந்த எந்த மாடலுக்கும் வாய்க்கவில்லை.

ஒலி எழாதபோது ஸ்மார்ட் என்ற தற்குறிப்பேட்டை நாடலாம். எத்தனை மணி நேரம் ஓடினோம், எத்தனை செக்டர்களை ஒதுக்கினோம் என்பதை டிஸ்க் தனக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைத் திறந்து காட்டும். மூன்று எண்களைப் பார்த்தால் போதும். ஐந்தாம் வரிசை எண் ஒதுக்கப்பட்ட செக்டர்களையும், 197 ஒதுக்கலாமா என்று யோசனையில் இருக்கும் செக்டர்களையும் சொல்கின்றன. 199 கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கில் அநேகமாகக் குறையில்லை. இடையிலுள்ள சாட்டா கேபிளை மாற்றினால் தீர்ந்துவிடலாம். டிஸ்க் வைத்தியத்தில் நூறு ரூபாய் சுற்றில் முடியக்கூடிய ஒரே நல்ல செய்தி இதுதான். பழுது பார்ப்பவர்களில் சிலர் இதைச் சொல்ல மறந்துவிடுவது தற்செயலாக இருக்கலாம்.

மூன்று எண்களும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா என்ற வினாவுக்கு 2007இல் கூகுள் பொறியாளர்கள் விடை தந்தனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது, செத்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை நான்கு முக்கியக் குறிகளில் எதையும் காட்டாமலே செத்திருந்தன. அதே ஆய்வில், ஸ்கேன் பிழை முதன்முதலாகத் தோன்றிய டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழையே இல்லாததைவிட 39 மடங்கு அதிகம் என்றும் தெரிந்தது. ஆக, மென்பொருள் எச்சரித்து மஞ்சள் காட்டினால் நம்ப வேண்டும். நலமென்று நீலம் காட்டினால் நம்ப வேண்டியதில்லை.

மஞ்சள் தெரிந்ததும் செய்யவேண்டியது நகலெடுப்பது ஒன்றே. இல்லற நடைமுறையில் இது பட்டியலின் கடைசியில் இருக்கிறது. செக் டிஸ்க் ஓட்டி இரவு முழுவதும் விடுவது, டிஃப்ராக் செய்வது, கேபினட்டின் தலையில் ஒரு தட்டு தட்டுவது எல்லாம் முடிந்த பிறகே பென் டிரைவ் தேடப்படுகிறது. சாகக் கிடக்கும் ஹெட்டுக்கு ஒவ்வொரு மணி நேர ஓட்டமும் செலவு. அந்தச் செலவைப் பழுது நீக்கத்தில் கரைப்பதைவிட நகலெடுப்பதில் கரைப்பது உத்தமம். ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற கருவி இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது: நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளைக் கடைசிக்கு ஒதுக்கி, பிறகு அவற்றைச் சுரண்டிப் பார்க்கும். பாலிதீன் பையில் சுற்றி ஃபிரீசரில் வைக்கும் மரபும் உண்டு. வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் கோத்துக்கொள்ளும். சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் ஹெட்டுக்கு ஒரு நீர்த்துளி என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இட்லி மாவுக்கு இடம் விடுவதே ஃபிரிட்ஜின் சரியான பயன்பாடு.

எதை நகலெடுப்பது என்பது தனி ஆய்வுக்குரியது. குடும்பத்தின் பட்டா ஸ்கேன், மகளின் மதிப்பெண் பட்டியல், மறைந்த தாத்தாவின் ஒரே கலர் படம் ஆகியவை டெஸ்க்டாப்பில் ‘நியூ ஃபோல்டர்’ என்பதற்குள் ‘நியூ ஃபோல்டர் 3’இல் இருக்கும் என்பது மட்டும் உறுதி. டெஸ்க்டாப்போ சி டிரைவில் இருக்கிறது. டி டிரைவைப் பத்திரமாக நகலெடுத்துவிட்டுச் சி டிரைவை பார்மட் செய்தவர்கள் பிறகு உணர்வதும் இதைத்தான்.

இனி மாற்றுத் தேர்வு. இதில் முதலில் எழும் விவாதம் பிராண்டு பற்றியது. சித்தப்பா வாங்கிய டிஸ்க் ஒரே ஆண்டில் போய்விட்டதால் அந்த நிறுவனம் ஒட்டுமொத்தமாக விலக்கப்படுகிறது. இந்த ஆய்வின் மாதிரி அளவு ஒன்று. அவர் சிபாரிசு செய்யும் ஹிட்டாச்சியின் டிஸ்க் பிரிவு 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்கும், சாம்சங்கின் ஹார்டு டிஸ்க் தொழில் 2011இல் சீகேட்டுக்கும் கைமாறிவிட்டன. சுழலும் டிஸ்க் செய்வோர் இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என மூவரே. ஆகவே மனஸ்தாபத்துக்கு இடம் குறைவு. 2011 இறுதியில் தாய்லாந்தில் வந்த வெள்ளம் அயுத்தயா பகுதி ஆலைகளை மூழ்கடித்தபோது உலகெங்கும் ஹார்டு டிஸ்க் விலை எகிறியது. அந்த மாதங்களில் பிராண்டு விவாதம் அடங்கிக் கிடந்தது.

இரண்டாவது, அளவு. 1 டெராபைட் என்று வாங்கி வந்ததை மாட்டினால் விண்டோஸ் 931 என்கிறது. கடைக்காரர் 69 ஜிபியை அமுக்கிவிட்டதாக எழும் குற்றச்சாட்டு நிலைக்கத்தக்கதல்ல. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்; விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணிவிட்டு அதே பெயரைப் போடுகிறது. பழைய எம்பிஆர் முறையில் பிரித்தால் 2.2 டெராபைட்டுக்கு மேல் எட்டாது என்பதால் பழைய கணினிக்கு 4 டெராபைட் வாங்கிவிட்டுப் பாதியைப் பார்க்க முடியாமல் தவிப்போரும் உளர்.

மூன்றாவது, பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட ஆயுள். பழுதுகளுக்கிடையே சராசரி 10 லட்சம் மணி நேரம் என்று போட்டிருக்கும். வகுத்தால் 114 ஆண்டு. அது ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளைச் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி. தனியொரு டிஸ்க்குக்குத் தரப்பட்ட ஆயுள் வாக்கு அன்று. பேரனுக்கு விட்டுச் செல்லும் எண்ணத்தோடு யாரும் வாங்க வேண்டாம். ஆயுளைவிட வாரன்டி ஆண்டுகளே நேர்மையான எண். வெப்பத்தாளில் அச்சான பில் வாரன்டி முடியும் முன்பே வெளுத்துவிடும் என்பதால் வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து வைப்பது நலம். அந்தப் படத்தை இதே டிஸ்க்கில் சேமிப்பது பரவலாகக் காணப்படும் பிழை.

சில டிஸ்க்குகளில் தடங்கள் கூரை ஓடுகள்போல ஒன்றன் விளிம்பின் மேல் ஒன்றாக எழுதப்படுகின்றன. இடம் மிச்சம், ஆனால் ஓர் ஓட்டை மாற்ற அடுத்தடுத்த ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டியிருப்பதால் திருத்தி எழுதும்போது வேகம் படுத்துவிடும். படம் சேமித்து வைக்க இது போதும். விண்டோஸ் ஓட்ட ஆகாது. பெட்டியின் மேல் இது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

விண்டோஸுக்கு இன்று உகந்தது சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டிதான். பத்தாண்டு பழைய கணினிக்கும் மறுவாழ்வு தருவது அதுவே. மதர்போர்டில் சாட்டா இணைப்பு இருந்தால் இரண்டரை அங்குல எஸ்எஸ்டியை மாட்டிவிடலாம். கேபினட்டில் அதற்கேற்ற இடமில்லாவிட்டால் டபுள் சைடு டேப் போதும். உள்ளே அசையும் பாகம் எதுவும் இல்லை. எம்.2 வகையில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஒரே அளவுள்ள பலகை சாட்டாவாகவும் இருக்கும், என்விஎம்இயாகவும் இருக்கும். மதர்போர்டு எதை ஏற்கும் என்று கையேட்டைப் பார்க்காமல் வாங்கியவர் கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கு மறுபடி போகிறார். எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு 500 ஜிபி எஸ்எஸ்டிகளில் சிலவற்றுக்குத் தரப்படும் 300 டெராபைட் எழுத்து வரம்பே பதில். நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் 41 ஆண்டு. குறை வேறிடத்தில் இருக்கிறது: எஸ்எஸ்டி டொக் டொக் என்று எச்சரிக்காது. மாலை வரை வேலை செய்தது காலையில் கண்ணுக்கே தெரியாமல் போகும். பாட்டியின் செவிக்கு இங்கு வேலையில்லை.

ஹார்டு டிஸ்க்கின் விலை வழக்கத்தைவிட மிகவும் குறைவாக இருந்தால் முன்பு சிசிடிவியில் ஓடிக் களைத்த டிஸ்க்காக இருக்கலாம். கடையிலேயே மாட்டச் சொல்லி, ஸ்மார்ட்டில் ஓடிய மணி நேரத்தைச் சொல்லும் 9ஆம் எண்ணைப் பார்க்க வேண்டும். புதியது என்ற டிஸ்க் 20,000 மணி நேரம் காட்டினால் இரவு பகலாக இரண்டு ஆண்டுக்கு மேல் உழைத்திருக்கிறது என்று பொருள். அந்த எண்ணை அழிக்கத் தெரிந்தவர்களும் இருப்பதால் பூஜ்யம் காட்டுவது மட்டும் சான்றாகாது.

எஞ்சுவது பழைய டிஸ்க். வாரன்டியில் திருப்பிக் கொடுத்தால் வேறு டிஸ்க் வரும், கோப்புகள் வராது. காயலான் கடைக்குப் போடுவதாக இருந்தால், பார்மட் செய்ததாலேயே உள்ளிருப்பது அழிந்துவிடவில்லை என்பதை அறிந்து, முழுவதும் பூஜ்யங்களால் மேலெழுத வேண்டும். ஓடவே ஓடாத டிஸ்க்கில் மேலெழுத முடியாது. நட்சத்திரத் தலை ஸ்குருடிரைவரால் திறந்து தட்டில் துளை போடுவதே வழி. மூன்றரை அங்குலத் தட்டு பெரும்பாலும் அலுமினியம், அடங்கிப் போகும். மடிக்கணினியினுடையது பெரும்பாலும் கண்ணாடி, சிதறும், கண்ணுக்குக் காப்பு அவசியம். உள்ளே கிடைக்கும் நியோடிமியம் காந்தங்கள் விரலை நசுக்கும் வலுவுடையவை. அவற்றைப் பிள்ளைகளிடம் தரக்கூடாது.