அடி மூன்று அங்குலம்

நான் அறிவியல் வாத்தியார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை பாதி போன பிறகு தெரியவந்தால் வெட்கம் இன்னும் கூடும்.

வீடு கோலா குபு பாருவில். பிரேசர் மலைக்குப் போகும் சாலையில் பத்து நிமிடம் காரை ஓட்டினால் சிலாங்கூர் ஆற்று அணை. 230 மில்லியன் கன மீட்டர் தண்ணீர் பிடிக்கும். வெளியூர்க்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக் கூரைக்குள் இருக்கிற தொட்டி 150 கேலன், சுமார் 680 லிட்டர் பிடிக்கும். இதை யாரும் படம் எடுத்ததில்லை. ஆனால் குழாய் வறண்டுவிட்டால் நமக்கு அணை அதுதான்.

ஒருநாள் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது: நான்கு நாள் தண்ணீர் இருக்காது. நான் பதறவில்லை. 2014இல் சிலாங்கூரில் அணை வற்றிப் பல ஊர்களில் இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் காற்று என்று பங்கீடு நடந்த காலத்தையே பார்த்தவன். தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். அம்மா, மனைவி, மகன், நான். நாலு பேர், நாலு நாள். 680ஐ 16ஆல் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 42 லிட்டர். தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, பேசாமல் பின்கட்டுக்குப் போய் இரண்டு பழைய டிரம்களைக் கழுவி நிரப்ப ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கணக்கு சுவரில் இருக்கும்போது டிரம் எதற்கு? “நாளைக்குத் தண்ணி நின்னுடும்” என்று அன்று சாயங்காலம் நான் கார் கழுவினேன்.

மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் ஷவரைத் திறந்து பத்து நிமிடம் நின்றேன். அதிலேயே என் இரண்டு நாள் பங்கு போயிற்று. எங்கள் கழிவறைத் தொட்டி பழைய காலத்தது. ஒருமுறை இழுத்தால் 9 லிட்டர். அதை என் கணக்கில் சேர்க்கவே இல்லை. மூன்றாம் நாள் காலை குழாய் இரண்டு முறை இருமிவிட்டு ஓய்ந்தது.

ஏணி போட்டுக் கூரைக்குள் ஏறினேன். தொட்டி மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், உள்ளே தண்ணீர் இருக்கிறது! அடியில் மூன்று அங்குலம், கண்ணாடி மாதிரி. என் தொட்டியில் ஓர் அங்குலம் என்றால் 20 லிட்டர். ஆக 60 லிட்டர், நாலு வாளி. வெளியே போகும் குழாயை அடியிலிருந்து மூன்று அங்குலம் தள்ளிப் பொருத்தியிருந்தார்கள். அணைகளிலும் இப்படித்தான். மதகுக்குக் கீழே நிற்கிற தண்ணீர் ஏட்டில் இருக்கும், கைக்கு வராது.

அப்போதுதான் எனக்கு அம்மாவின் செங்கல் ஞாபகம் வந்தது. அம்மா கெர்லிங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். லயத்துக் கோடியில் ஒரே பைப்பு, காலையிலும் சாயங்காலமும்தான் திறப்பார்கள். பால் வெட்டப் போகுமுன் டிரம் நிரம்பியாக வேண்டும். தண்ணீர் அடிக்குப் போனதும் டிரம்மின் பின்பக்கம் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுப்பார்கள். டிரம் சாயும், தண்ணீர் ஒரு மூலையில் ஒதுங்கும், குவளையால் மொண்டுகொள்ளலாம். லயத்துச் செங்கல்லுக்கு வாத்தியார் வீட்டில் என்ன ஈடு? கார் ஜாக்கி!

பலகைக்கும் தொட்டிக்கும் நடுவே ஜாக்கியை நுழைத்துத் திருகினேன். தொட்டி மெல்லக் குழாய்ப் பக்கம் சாய்ந்தது. கீழேயிருந்து மனைவி, “ஏங்க, தண்ணி வருது!” என்று கத்தினாள். பதினைந்து ஆண்டு வாத்தியார் வேலையில் கிடைக்காத பெருமை எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்தது. அடுத்த நிமிடம், “ஏங்க, இது என்ன தண்ணி?” என்றாள்.

தே தாரிக் நிறத்தில் வந்திருக்கிறது. தொட்டி வைத்த நாளிலிருந்து அடியில் படிந்த வண்டல் முழுவதையும் நான் ஆட்டி எழுப்பிக் குழாய்க்குள் அனுப்பியிருக்கிறேன். குழாயை மூன்று அங்குலம் தள்ளி வைத்ததே அந்த வண்டல் வீட்டுக்குள் இறங்கக் கூடாது என்றுதான். படிவு பற்றி நாலாம் வகுப்புக்குக் கண்ணாடிக் குவளையில் மண் கலக்கிப் பாடம் நடத்துகிறவன் நான். அன்றைக்கு ஷவரின் துளைகள் அடைத்துக்கொண்டன, சலவை இயந்திரத்தின் வடிகட்டி அடைத்துக்கொண்டது, உள்ளே கிடந்த மகனின் வெள்ளைப் பள்ளிச் சட்டை காக்கியாக வெளியே வந்தது.

எங்கள் ஊர்க்காரனுக்காவது வண்டலின் சேட்டை தெரிந்திருக்க வேண்டும். 1883இல் இங்கே ஒரு பழைய அணை உடைந்து ஊரை அடித்துக்கொண்டு போனது. அந்த இடத்துக்கு இன்றும் அம்பாங் பெச்சா, உடைந்த அணை என்றுதான் பெயர். வெள்ளைக்கார அதிகாரி ரேங்கிங் அணையைக் காத்த வெள்ளை முதலையைச் சுட்டதால் வந்த வினை என்று ஒரு கதை உண்டு. அவரும் அந்த வெள்ளத்தில் போய்விட்டார். அப்புறம் ஈயச் சுரங்க வண்டல் ஆற்றை மேடாக்கி, வெள்ளம் மேல் வெள்ளமாக வந்து, பழைய கோலா குபுவே மண்ணுக்குள் போனது. 1931இல் மேட்டில் எழுந்த புது ஊர்தான் கோலா குபு ‘பாரு’. வண்டலுக்குப் பயந்து இடம்பெயர்ந்த ஊரில் இருந்துகொண்டு, வண்டலை நானே ஜாக்கி வைத்து அழைத்து வந்திருக்கிறேன்.

அம்மா திட்டவில்லை. வந்த சேற்றுத் தண்ணீரை வாளிகளில் பிடித்து, ராத்திரி முழுக்க ஆடாமல் வைத்தார். காலையில் மேலாகத் தெளிந்ததை இறுத்துக் கழிவறைக்கு, அடி மண்டி கருவேப்பிலைக்கு. “டிரம்முல கடைசி ரெண்டு விரக்கடைய நாங்க எப்படா குடிச்சோம்? அது செடிக்கு” என்றார். செங்கல்லைப் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை. மிச்ச இரண்டு நாளும் அவருடைய டிரம்களில்தான் குடும்பம் நடந்தது.

தண்ணீர் வந்தபின் பைப்பு வேலை செய்கிற அண்ணனைக் கூப்பிட்டேன். மேலே ஏறிப் பார்த்தவர், “வாத்தியாரே, தொட்டி எப்பவுமே ரொம்புறது இல்லையே” என்றார். மிதவைப் பந்தின் கம்பி கீழ்நோக்கி வளைந்திருந்தது. மேலே ஏழு அங்குலம் பாக்கி இருக்கும்போதே பந்து எழும்பித் தண்ணீரை அடைத்துவிடுகிறது. ஏழு அங்குலம் என்றால் 140 லிட்டர். அடியில் 60 லிட்டருக்கு நான் கூரையேறி மல்லுக்கட்டிய அதே தொட்டியில், மேலே 140 லிட்டருக்கான இடம் வருடக்கணக்காகச் சும்மா கிடந்திருக்கிறது. அவர் இரண்டு விரலால் கம்பியை மேல்நோக்கி வளைத்தார். 60 வெள்ளி.

“மேல பாக்கத் தெரியல, அடியத் தோண்டப் போயிட்டான்” என்று அம்மா அவருக்குக் கோப்பி கொடுத்தபடி சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து, பிரேசர் மலைச் சாலையில் என் கார் டயர் பஞ்சரானது. பின்பெட்டியைத் திறந்தால் ஜாக்கி இல்லை. அது இன்னும் கூரைக்குள் தொட்டியைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. சாலையோரம் உட்கார்ந்து பள்ளத்தைப் பார்த்தேன். 230 மில்லியன் கன மீட்டர் தண்ணீரும் அசையாமல் கிடந்தது. வெளியூர்க் கார் ஒன்று வந்து நின்றது. உதவத்தான் வருகிறார்கள் என்று எழுந்தேன். படம் எடுக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றார்கள்.