உப்பு பத்தலை

வீராணத்துத் தண்ணீரை எங்கள் சேத்தியாத்தோப்பில் ஏற்றி, 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் சென்னைக்கு அனுப்பும் ஏற்பாடு 2004-இல் வந்தது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் போகும்படி கட்டிய திட்டம். இப்படி ஊரே தண்ணீரை வெளியே அனுப்பிக்கொண்டிருக்க, வெளியிலிருந்து ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்த ஒரே பிரகிருதி நான். அதுவும் குடிக்க முடியாத தண்ணீர், நாலு கேன், டிவிஎஸ் எக்ஸ்எல்லில்.

கடல் மீன் தொட்டி வைக்கும் ஆசை யாருடைய வீடியோவைப் பார்த்து வந்தது என்று இப்போது சொல்லிப் பயனில்லை. பவளப் பாறையோடு வைக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. "புலி இருக்கிற பட்டியல்" என்று வீட்டில் விளக்கினேன். "அது ஒண்ணுதான் இந்த வீட்ல பாக்கி" என்றாள் மனைவி.

அதனால் பாறைக்குப் பதில் விருத்தாசலம் பீங்கான். சூளையில் சுட்டு, மெருகு பூசாமலே உடைந்துபோன துண்டுகளாகப் பார்த்து ஒரு சாக்கு வாங்கி வந்தேன். மெருகு ஏறாத பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்று நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியா அங்கே குடியேறும். ஊறுகாய் ஜாடிக்குப் பேர்போன ஊரிலிருந்து உடைந்த ஓடு வாங்கி வந்தவனை என் அம்மா பார்த்த பார்வையைப் பற்றி எழுதப்போவதில்லை.

பிறகு தண்ணீர். கடல் தொட்டிக்கென்று வெளிநாட்டு உப்பு வாளியில் வருகிறது. நல்ல தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். விலையைக் கேட்டதும் எனக்குள் இயற்கை ஆர்வலன் விழித்துக்கொண்டான். புவனகிரி வழியாகப் போனால் பரங்கிப்பேட்டையில் வங்காள விரிகுடா சும்மாதானே கிடக்கிறது? லிட்டருக்கு 35 கிராம் உப்பு, 400 மில்லிகிராம் கால்சியம், 1,300 மில்லிகிராம் மக்னீசியம் என்று ஜாதகம் படிப்பதுபோல மனைவியிடம் ஒப்பித்தேன். "பெட்ரோல் எவ்வளவு?" என்றாள். விஞ்ஞானத்தில் நாட்டமில்லாதவள்.

கடல் தண்ணீர் எடுப்பதற்கு விதிகள் உண்டு. மழைக்காலத்தில் எடுக்கக் கூடாது. ஆற்று முகத்துவாரத்தில் எடுக்கவே கூடாது. ஏற்றத்தின்போது, கரையைவிட்டுத் தள்ளி, தெளிவாக இருக்கும் இடத்தில் மொள்ள வேண்டும். நான் போனது கார்த்திகையில், இரண்டு நாள் அடைமழை விட்ட மூன்றாம் நாள். மொண்டது வெள்ளாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில். வண்டியை நிழலில் நிறுத்த அங்கேதான் வசதியாக இருந்தது.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "எந்த ஊரு சார்?" என்றார். சொன்னேன். "மீன் தொட்டிக்கு" என்றும் சொன்னேன். கேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அங்கயே மொண்டிருக்கலாமே சார்" என்றார். கிராமத்து நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு நானும் சிரித்து வைத்தேன்.

வழியில் போலீஸ்காரர் ஒருவர் கைகாட்டினார். கடற்கரைப் பக்கமிருந்து நாலு வெள்ளைக் கேனோடு ஒருவன் வந்தால் எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் புதுச்சேரி ஞாபகம்தான் வரும். "கடல் தண்ணி சார்" என்றேன். மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. "கடல் தண்ணின்னு சொல்றீங்க, உப்பு பத்தலையே?" என்றார்.

வீட்டில் உப்புமானியை மிதக்கவிட்டேன். 1.025 காட்ட வேண்டியது 1.009-இல் நின்றது. கடலில் இருக்க வேண்டிய உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அப்போதுதான் பெரியவர் சொன்னது மண்டையில் ஏறியது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி, இரண்டு நாள் முன்னால் என் வீட்டுப் பக்கமாகவே ஓடிப்போன வெள்ளாற்றுத் தண்ணீரைத்தான் பரங்கிப்பேட்டை வரை துரத்திப்போய்ப் பிடித்து வந்திருக்கிறேன். உண்மையான கடல் தண்ணீராக இருந்தால் நூறு லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ எடை கூடியிருக்கும். டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை.

தோற்றவனுக்கு ஆராய்ச்சிதான் துணை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே கழிமுகத் தண்ணீரிலேயே கோமாளி மீனை முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்ததை 2009-இல் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்கள். "பாத்தியா?" என்றேன். "அவங்க வெள்ளத்துல போயா மொண்டாங்க?" என்றாள். நல்ல வேளையாக மீன் இன்னும் வாங்கியிருக்கவில்லை. நூறு லிட்டரையும் சாக்கடையில் ஊற்றினேன். அது மறுபடி வெள்ளாற்றுக்குத்தான் போயிருக்கும்.

மாசியில் அதே பெரியவரின் மகன் ஃபைபர் படகில் போய், உள்கடலிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். படகு டீசலுக்கு நான் கொடுத்ததை வீட்டில் சொல்லவில்லை. இந்த முறை 1.024. ஆனால் கடல் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. அதில் மிதக்கும் நுண்ணுயிர்கள் டிரம்மில் செத்து, அழுகி, அம்மோனியாவாகும். நான் ப்ளீச்சிங் பவுடர் போட்டு, காற்று ஓடவிட்டு, மிச்சக் குளோரினை முறிக்க ஹைப்போ போட்டு, கறுப்புத் துணி போர்த்தி மூன்று வாரம் கூடத்து மூலையில் வைத்திருந்தேன். பெண் பார்க்க வந்துவிட்டுப் போகும் வழியில் எட்டிப்பார்த்த சம்பந்தி முறைக்காரர் ஒருவர், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று தணிந்த குரலில் விசாரித்தார்.

ஒரு ஜோடி கோமாளி மீன் வந்தது. எதிர்வீட்டுப் பையன் நீமோ என்றான்; நிம்மதி என்று நான் நினைத்தேன். சித்திரை வெயில் வந்தது. தொட்டிச் சூட்டைத் தணிக்க, இருந்த ஒரே டேபிள் ஃபேனை மீனுக்கு வைத்தோம். தண்ணீர் நாளுக்கு இரண்டு லிட்டர் வற்றியது. வற்ற வற்ற, மீதமிருந்த கடல் தண்ணீரையே ஊற்றினேன். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர். இதில் என்ன யோசனை? பத்தாம் நாள் 1.031. மீன்கள் மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்கின.

மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "ஏங்க, ரசம் வத்திப்போனா தண்ணிய ஊத்துவீங்களா, இன்னொரு கரண்டி ரசத்த ஊத்துவீங்களா?"

தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும் என்பதை முப்பது வருஷமாக அடுப்பில் பார்த்தவளுக்கு உப்புமானி எதற்கு? அன்று முதல் நல்ல தண்ணீரால்தான் நிரப்புகிறேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர் மீனுக்கு ஆகாது என்பதால் அவற்றுக்குக் கேன் தண்ணீர். போர் தண்ணீர் நாங்கள் குடிக்கிறோம்.

பெட்ரோல், டீசல், டிரம், ப்ளீச்சிங் பவுடர், உப்புத்தண்ணீர் பட்டுத் துருப்பிடித்து மாற்றிய வண்டியின் கேரியர் எல்லாம் கூட்டிப் பார்த்தேன். அந்த வெளிநாட்டு உப்பு மூன்று வாளி வாங்கியிருக்கலாம். சீட்டைக் கிழித்துப்போட்டேன்.

இந்த ஐப்பசியில் மழை வலுத்ததும் பரங்கிப்பேட்டைப் பெரியவர் போன் செய்தார். "சார், அணைக்கட்டுல திறந்துட்டாங்களா? உங்க ஊர்த் தண்ணி வருதான்னு ஒரு எட்டு பாத்துச் சொல்லுங்க. வலைய எடுக்கணும்."

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "கேன வச்சுட்டுப் போங்க."