கேக் அண்ணை

கொழும்பில் பத்துப் பேருக்கு மேல் வேலை செய்கிற கந்தோர் என்றால் அங்கே ஒரு கேக் அண்ணை இருப்பார். நியமனக் கடிதத்தில் அவர் லிகிதராக இருக்கலாம், களஞ்சியப் பொறுப்பாளராக இருக்கலாம். அது சம்பளத்துக்கு. பழுப்புக் கடித உறையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு மேசை மேசையாகப் போய், "ஐசே, வியாழக்கிழமைக்கு உம்மட முந்நூறு இன்னும் வரேல்ல" என்று காதுக்குள் சொல்வதுதான் உத்தியோகம்.

எங்கள் அண்ணைக்கு வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில். கந்தோர் கோட்டையில். விசேஷ நாளில் கேக் பெட்டியோடு 101 பஸ்ஸில் ஏறுவார். செட்டியார் தெருவிலிருந்து காலி வீதியால் ஆடிவேல் ரதம் வருமே, இது அதற்கு எதிர்த்திசை ஊர்வலம். கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ட" என்று கத்தக் கத்த, பெட்டியைக் கரகம் போலத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பார். கொள்ளுப்பிட்டி தாண்டுமுன் ஐசிங்கில் எழுதிய பெயரில் ஒரு எழுத்தாவது மூடியில் ஒட்டிவிடும்.

யாருக்கு எப்போது பிறந்தநாள் என்று அவர் வாய்திறந்து கேட்பதில்லை. அடையாள அட்டை இலக்கம் போதும். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இல் வந்த 12 இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், வருடம் மட்டும் நான்கு இலக்கம். "ஐந்நூறைக் கழி, முன்னுக்கு நிக்கிறதை மற" என்பது பெண்கள் விஷயத்தில் அண்ணையின் சித்தாந்தம். மெழுகுதிரியும் எப்போதும் ஒன்றேதான்.

அந்தக் கணக்கு ஒருமுறை காலை வாரியது. கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற கணக்காளர் அக்காவுக்கு 667. ஐந்நூறு போக 167. அண்ணை கலண்டரில் விரல் வைத்து எண்ணி, ஜூன் 16 என்று கேக்கோடு வந்து நின்றார். அக்கா முகம் கொடுக்கவில்லை. பிறந்தநாள் முதல்நாளே போய்விட்டது. ஆட்பதிவுத் திணைக்களத்தின் கணக்கில் எல்லா வருடமும் பெப்ரவரிக்கு 29 நாள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. "கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் பதின்மூண்டு, அதிலயிருந்து ரெண்டாம் நாள் நான். ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே அண்ணை?"

கேக் வாங்குவது லேசு. எதை எந்த நாளில் வாங்கக்கூடாது என்பதில்தான் அவர் மேதை. வெள்ளிக்கிழமை சைவக்காரருக்கு முட்டை ஆகாது. மத்தியானம் முஸ்லிம் நண்பர்கள் ஜும்மாவுக்குப் போய்விடுவார்கள். நோன்பு மாதத்தில் அவர்களுடைய துண்டுகளைத் தனியாகச் சுற்றி, வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுப்பார். தவக்காலத்தில் கொட்டாஞ்சேனைக்காரருக்கு இறைச்சி ரோல்ஸ் இல்லை. நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் பாதிக் கந்தோர் மரக்கறி. சிங்களத் தோழியர் பாற்சோறு கொண்டுவந்தால், கூட வருகிற சம்பலில் மாசி இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து அறிவிப்பார். எல்லாம் வடிகட்டியபின் மிஞ்சுவது மரக்கறி ரோல்ஸ். நாட்டுக்கு அரசியலமைப்பு எழுதியவர்கள் இவரை ஒருதரம் கூப்பிட்டிருக்கலாம்.

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலத்தைத் தொட்டபோது, பட்டருக்கும் பால்மாவுக்கும் வழியில்லை. மாலுபணிஸில் மெழுகுதிரி நட்டுக்கொண்டு வந்தார். லைட்டை அணைக்கிற வேலை மிச்சம்.

கேக் வெட்டுமுன் பாடுகிற பிறந்தநாள் பாட்டின் மெட்டு, அமெரிக்காவின் கென்டக்கியில் ஹில் சகோதரிகள் 1893இல் பாலர் வகுப்புக்காக வெளியிட்ட காலை வணக்கப் பாட்டினுடையது. பிறந்தநாள் வரிகள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு 2016இல்தான் தீர்ந்தது. எங்கள் கந்தோரில் பாடுவதைக் கேட்டிருந்தால் ஒருவரும் உரிமை கோரியிருக்க மாட்டார்கள். முதல் சுற்று ஆங்கிலம். இரண்டாவது சிங்களம். தமிழ்ச் சுற்று தொடங்குவதற்குள் முகாமையாளர் கத்தியை எடுத்துவிடுவார்.

ஒரு கிலோ கேக், முப்பத்திநாலு வாய். கத்தி காணாமல் போன நாளொன்றில், அண்ணை இரும்பு அடிமட்டத்தை டிஷ்யூவால் துடைத்து, ஐசிங்கின் மேல் படாமல் பிடித்து, ஒரு கண்ணை மூடி முதலில் அளந்தார், பிறகே வெட்டினார். ரோஜாப்பூத் துண்டு முகாமையாளருக்கு. பிறந்தநாள்காரர் யாருக்கு ஊட்டலாம், யாருக்குத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் புருவத்தால் சொல்லப்படும்.

அவருக்குப் பிறந்தநாள் எப்போது? அட்டைத் திகதியில் நாங்கள் கேக் வைத்தால், "அது பதிவுக்காரன் போட்ட திகதி" என்று தள்ளிவிடுவார். அவருக்கு ஆவணி உத்தரட்டாதிதான் கணக்கு. அது எந்தத் திகதியில் வருகிறதென்று நாங்கள் பஞ்சாங்கம் தேடுவதற்குள், மயூராபதி அம்மன் கோயிலில் அர்ச்சனையை முடித்துக்கொண்டு வீபூதியோடு வந்து நிற்பார். கையில் அடுத்த ஆளின் உறை.

கொழும்பில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களே, அடையாள அட்டையை மேசையில் மல்லாத்தி வைத்துவிட்டு வெளியே போகாதீர்கள். சட்டைப்பையில் எப்போதும் முந்நூறு ரூபா வைத்திருங்கள். சில்லறையாக.