ஆறடி காற்று

அண்ணாச்சி புது வீடு கட்டுகிறார். முதலில் முடிவானது சமையலறை அல்ல, ஹாபி ரூம். 24 அடி நீளம், 18 அடி அகலம். டிரம்ஸ் ஒரு மூலையில், டிரெட்மில் ஒரு மூலையில். டிரம்ஸ் வாசிக்கத் தெரியாது. அதனாலென்ன? ஏசி தயார்.

அந்த 18 அடியில் ஆறடி, வரைபடத்தில் காலியிடம். காற்றும் வெளிச்சமும் வர விதிப்படி விட்ட இடம். விட்டது வரைபடத்தில். கட்டியது மனையில். மழைநீர் சேகரிப்புக் குழாயும் உண்டு; 2003 முதல் கட்டாயமாயிற்றே. அது மண்ணுக்குள் இறங்காது. தெருவில் இறங்கும்.

யார் கேட்பது? 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள் என்றால், "எல்லாம் விதிப்படி" என்று நீங்களே எழுதிக்கொடுங்கள், உடனே அனுமதி. பணி நிறைவுச் சான்றும் வேண்டாம். மேசைக்கு மேசை 'கவனித்து'ச் சலித்தவனுக்கு இது வரம்தான். அண்ணாச்சிக்கோ இரட்டை வரம்.

மாட்டினால்? விதி மீறிய கட்டடத்தையும் ஏற்றுக்கொள்ளும் வரன்முறை இருக்கிறது. 1999-இல் கொடுத்தார்கள், ஒரே ஒரு முறை என்று. பிறகு 2007 வரை கட்டியவர்களுக்கும் கொடுத்தார்கள். அதுவும் ஒரே ஒரு முறைதான்!

இனி கிராமத்துக்கு வாருங்கள். ஏழைகளுக்கான அரசு வீட்டுத் திட்டம், கலைஞர் கனவு இல்லம். 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். முழுக் குடும்பத்துக்கும் சேர்த்து, அண்ணாச்சியின் டிரம்ஸுக்கு ஒதுக்கியதைவிட 72 சதுர அடி குறைவு. பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும். அஸ்திவாரம் போட்டாயா, காட்டு. லிண்டல் வந்ததா, காட்டு. கூரை போட்டாயா, காட்டு. பிரதமர் வீட்டுத் திட்டம் என்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடக்குறியுடன் போட்டோ. கூலி வேலையை விட்டுவிட்டு, பாதிச் சுவர் பக்கத்தில் நின்று முகம் காட்ட வேண்டும்.

அரசுப் பணமாயிற்றே, கணக்கு வேண்டாமா என்பார்கள். வேண்டும். ஒரு செங்கல் விடாமல் எண்ணுங்கள். அப்படியே அடுத்தவன் ஜன்னலை மறித்த அந்த ஆறடியையும் அளந்துவிட்டு வாருங்கள். தெருவில் விட்ட தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கிறீர்களே, அது யார் பணம்?

ஏழை வீட்டுக்கு டேப் பிடிக்க ஆள் உண்டு. அண்ணாச்சி வீட்டுக்கு அவர் கையெழுத்தே போதும்.