கிஃப்ட் அண்ணாச்சி

கூப்பிடாத பந்தியில் போய் உட்காருகிறவருக்கு ஊர் ஒரு பட்டம் கொடுத்துவிடும். கூப்பிட்ட பந்தியில் உட்கார்ந்து, சாப்பிட்டு, மொய் எழுதாமல், தாம்பூலப் பையை மட்டும் இரண்டாகக் கேட்டு வாங்கி வருகிறவரை என்ன சொல்வது? கொச்சி மட்டாஞ்சேரியில் அவரை நாங்கள் ‘கிஃப்ட் அண்ணாச்சி’ என்கிறோம். இது ஓர் ஆளின் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். தெருவுக்கு ஒருவர் உண்டு. குஜராத்தித் தெருவில் அவர் ‘பாய்’, செர்ளாயில் ‘மாமன்’. எங்கள் பக்கத்தவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர், ஆகவே அண்ணாச்சி.

பஜார் ரோட்டில் மிளகு மண்டியில் கணக்கெழுதி ஓய்ந்தவர். மிளகை உள்ளங்கையில் வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கி, “லிட்டருக்கு 550 கிராம் நிக்காதுவே” என்றால் நிற்காது. அப்பேர்ப்பட்ட ஆளை யார் ஏமாற்ற முடியும்? அந்தத் தைரியத்தில்தான், ஓய்வுக்குப் பிறகு, ஊரில் எந்த மாலில் கண்ணாடிப் பெட்டியும் பேனாவுமாக ஒரு பெண் நின்றாலும் அண்ணாச்சி தானாகப் போய் நிற்கிறார். நீங்களும் நானும் அந்தப் பெண்ணைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒதுங்கிப் போவோம். மாட்டிக்கொண்டால் நம்பரில் ஒரு எண்ணை மாற்றி எழுதுவோம். அண்ணாச்சி கணக்குப்பிள்ளைக் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், எல்லாக் கட்டத்தையும் நிரப்புவார். மாத வருமானத்தில் மட்டும் ஒரு சைபர் கூடும். “கம்மியா எழுதுனா கூப்பிட மாட்டான், பாத்துக்கிடுங்க.”

கூப்பிடுவார்கள். “கங்கிராஜுலேஷன்ஸ் சார், லக்கி டிராவில் ஜெயிச்சிருக்கீங்க. மூணு பகல், ரெண்டு ராத்திரி ஃப்ரீ ஹாலிடே.” பரிசை வாங்க ஒரு ஓட்டலுக்கு வரவேண்டும். ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஒரு சின்ன விளக்கம் கேட்கவேண்டும். மனைவியோடு வரவேண்டும். கிரெடிட் கார்டு இருந்தால் நல்லது. குலுக்கியதை யாரும் பார்த்ததில்லை. பெட்டியில் சீட்டுப் போட்ட எங்கள் தெருக்காரர்களில் தோற்றவர் என்று ஒருவரும் இல்லை.

மனைவியை ஏன் கூட்டிவரச் சொல்கிறார்கள்? குடும்பத்தின் மீதுள்ள மரியாதை என்று அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, நினைத்திருந்தாள். விஷயம் வேறு. எந்த வியாபாரி மடக்கினாலும் நம் ஆண்களுக்கு ஒரு பின்வாசல் உண்டு: “வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்.” மனைவியைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் பின்வாசலுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. கேட்கவேண்டிய ஆள் அங்கேயே பிஸ்கட் கடித்துக்கொண்டிருக்கிறாளே!

புறப்பாடு பார்க்கவேண்டிய காட்சி. மதினிக்குப் பட்டுச்சேலை. அண்ணாச்சிக்கு வெள்ளைச் சட்டை, தங்க நிறக் கடிகாரம், கையில் ஒரு கார்ச் சாவி. சாவி மண்டி முதலாளியுடையது. அதற்குரிய அம்பாசிடர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. எறணாகுளத்துக்குப் படகில் போய் இறங்கி, ஓட்டல் வரைக்கும் நடந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சாவியை மேசைமேல் ‘டக்’கென்று வைப்பார். அன்றைய போருக்கு அது முதல் அம்பு.

உள்ளே பாட்டு அலறும். வட்ட மேசைகள், மேசைக்கொரு குடும்பம், குடும்பத்துக்கொரு இளம்பெண். காகிதக் கோப்பையில் டீ. அந்தப் பெண் முதல் கால்மணி நேரம் எதையும் விற்கமாட்டாள். ஊர், பிள்ளைகள், பேரன் என்று விசாரிப்பாள். பெற்ற மகன்கூட இவ்வளவு அக்கறையாய்க் கேட்டதில்லை என்று அண்ணாச்சிக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. ஏசியால் மட்டும் வந்த குளிர்ச்சி அல்ல அது. அவர் திரும்பத் திரும்பப் போவதற்கு, வந்ததற்குக் கையில் கொடுக்கும் அயர்ன் பாக்ஸைவிட இதுதான் காரணம் என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

அப்புறம் ஒரு தாள் வரும்.

“வருஷத்தில் எத்தனை தடவை சார் டூர் போவீங்க?”

“தவறாம கொடைக்குப் போயிருவோம்.”

“வாவ்! கொடைக்கானலில் நமக்கு ரிசார்ட் உண்டு சார்!”

அண்ணாச்சி சொன்னது சொந்த ஊர் அம்மன் கோவில் கொடை. திருத்தவில்லை. தங்குவது எங்கே? மச்சினன் வீட்டில். வாடகை? இல்லை. செலவு? பஸ்ஸுக்கு ஆனது, அம்மனுக்கு ஒரு சேலை. வழக்கமாக இந்த இடத்தில்தான் அவர்கள் வாடிக்கையாளரை வளைப்பார்கள். ஒரு வருஷத்து ஓட்டல் செலவை எழுதி, விலைவாசி ஏற ஏற அதைக் கூட்டி, 25 வருஷத்துக்குப் பெருக்கி, அடியில் வரும் லட்சங்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, “இவ்வளவும் வேஸ்ட், சார்” என்பார்கள். அண்ணாச்சி சொன்ன தொகையை 25ஆல் பெருக்கி, விலைவாசியையும் தாராளமாக ஏற்றிப் பார்த்தாள் அந்தப் பெண். வட்டமிட ஒன்றும் தேறவில்லை. கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

சரி, பெண்கள் பக்கம் போவோம் என்று மதினியிடம் திரும்பினாள். “சேச்சிக்கு எவிடெ போகானா இஷ்டம்?”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மதினியை யாரும் கேட்காத கேள்வி. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “எங்கயாச்சும், அடுப்பு இல்லாத எடமா.”

“சேச்சி, நம்ம அபார்ட்மென்ட்டில் கிச்சன் உண்டல்லோ! கேஸ், பாத்திரம் எல்லாம். வீடு மாதிரியே சமைக்கலாம்!”

மதினி அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை.

இந்த வியாபாரம் பஜார் ரோட்டில் முளைத்ததல்ல. விடுமுறை வீட்டைப் பலர் பங்கிட்டு ஆண்டுக்குச் சில நாள் தங்குவது 1960களில் ஐரோப்பாவில் தொடங்கியது. ஸ்விட்சர்லாந்தின் ஹாப்பிமாக் 1963இல் பிறந்தது. உன் வாரத்தை எனக்குக் கொடு, என் வாரத்தை நீ எடுத்துக்கொள் என்று மாற்றிக்கொடுக்கும் ஆர்சிஐ 1974இல் அமெரிக்காவில் வந்தது. நம் பக்கம் 1986இல் சென்னையில் ஸ்டெர்லிங் ஆரம்பித்தது. 1996இல் மகிந்திரா நிறுவனம் இறங்கியது. பர்ப்பிள், ரெட், ஒயிட், ப்ளூ என்று வருஷத்தை நிறம் பிரித்து, 25 வருஷ உறுப்பினர் சந்தா என்ற முறையை நடுத்தர வீடுகளுக்குள் கொண்டுவந்தது. வாங்கிப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பள்ளிக்கூட லீவை ஆறு மாதம் முன்னாலேயே கணக்குப் பண்ணி, தேதி பதிந்து, ஆண்டுதோறும் பெட்டி கட்டுகிற குடும்பங்களுக்கு இது கட்டுபடியாகும். அப்படிப்பட்டவர்களுக்கு அயர்ன் பாக்ஸ் கொடுத்து அழைக்கவேண்டியதில்லை என்பதுதான் என் கட்சி.

அண்ணாச்சியின் கட்சி இன்னும் கூர்மையானது. ‘மேனேஜர்’ என்று டை கட்டிய ஒருவர் வந்து உட்கார்ந்ததும் அதை எடுத்து வைப்பார். யூதத் தெருவில் மிளகுச் சங்கத்தின் ‘அவதி’ எனப்படும் முன்பேர வியாபாரம் 1957இலிருந்து நடந்தது. வளையத்துக்குள் நின்று தரகர்கள் தொண்டை கிழியக் கத்துவதைச் சுற்றுலாக்காரர்கள் வேடிக்கை பார்த்த காலத்தில், அண்ணாச்சி துண்டுச் சீட்டுகளைப் பொறுக்கிக் கணக்கில் ஏற்றியவர்.

“தம்பி, நாளைக்கு வரப்போற சரக்கை இன்னைக்கே வெல பேசுறதை நான் நெறையப் பாத்தவன். அதுல தரம் எழுத்துல இருக்கும். டெலிவரி மாசம் இருக்கும். வேண்டாம்னா மறுநாள் காலைல வித்துட்டு வீட்டுக்குப் போயிறலாம். உங்க சரக்குக்குத் தரம் கலர் கலரா இருக்கு, சந்தோஷம். டெலிவரி தேதி ‘ரூம் இருந்தா’. விக்கலாம்னா வாங்க ஆளக் காணோம். ஆனா கிட்டங்கி வாடகைய மட்டும் வருஷா வருஷம் நான் கட்டணும், அதுவும் நீங்க ஏத்துற ரேட்டுல. போனாலும் கட்டணும், போகாட்டியும் கட்டணும். சரிதானா?”

கிட்டங்கி வாடகை என்று அவர் சொன்னது ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். மேனேஜர் இதற்கு நேராகப் பதில் சொல்லமாட்டார். விலையைக் குறைப்பார். “இன்னைக்கு மட்டும்” என்பார். இன்னும் குறைப்பார். தவணை என்பார். ஐந்து வருஷச் சின்னத் திட்டம் என்பார். நடுநடுவே மைக்கில் “ஒரு புதிய குடும்பம் நம்மோடு இணைந்திருக்கிறது!” என்று அறிவிப்பு வரும், கைதட்டல் எழும். அண்ணாச்சியும் தட்டுவார், அவர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டுவார்.

கையெழுத்துப் போடுகிறவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றரை மணி நேரம் பாட்டுச் சத்தத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் அழுது, எதிரில் இருக்கும் பெண் இத்தனை நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினாளே என்று இரக்கப்பட்டு, பக்கத்து மேசைக்காரர் முன்னால் ‘பணம் இல்லை’ என்று சொல்லக் கூசிக் கார்டை நீட்டுகிறார்கள். ஐரோப்பாவில் இதற்காகவே 1994இல் ஒரு சட்டம் வந்தது. 2008இல் அதைத் திருத்தி, கையெழுத்துப் போட்ட பிறகும் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம், அதற்குள் ஒரு காசும் முன்பணம் வாங்கக்கூடாது என்று வைத்தார்கள். நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தருவதாகச் சொல்லித் தராத எண்ணத்தோடு பரிசு அறிவிப்பதும், விலையில் ஏற்றி வைத்துக்கொண்டு ‘இலவசம்’ என்று காட்டுவதும் அதில் நியாயமற்ற வணிகம். மாவட்ட ஆணையத்தில் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் கட்டணமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். 1915 என்ற எண்ணில் உதவியும் கேட்கலாம். அண்ணாச்சிக்கு இதெல்லாம் மனப்பாடம். ஒருமுறை டின்னர் செட்டில் ஆறு தட்டுக்குப் பதில் ஐந்து இருந்தபோது, வரவேற்பறையில் நின்று முழுச் சட்டத்தையும் ஒப்பித்து ஆறாவது தட்டை வாங்கிவந்தார்.

“கம்பெனிக்காரனை நல்லாக் கறந்துட்டோம்” என்பார் படகில் திரும்பும்போது. எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை, ஒருநாள் சொல்லியேவிட்டேன். பத்துப் பேரைக் கூப்பிட்டால் பலர் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாதா? அந்த டீக்கும் தட்டுக்கும் ஆகும் செலவு, கையெழுத்துப் போடுகிறவரின் விலையில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அண்ணாச்சி கறந்தது கம்பெனியை அல்ல. அவர் கைதட்டினாரே, அந்தக் குடும்பத்தை. கொஞ்ச நேரம் காயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ அவுகளுக்கு இன்னும் கொஞ்சம் பலமாவே தட்டியிருக்கலாம்” என்றார்.

தட்டும் அயர்ன் பாக்ஸும் கையில் வந்துவிடும். இலவச விடுமுறைதான் கைக்கு வராது, வவுச்சராக வரும். அண்ணாச்சி வீட்டு டிரங்குப் பெட்டியில் கோவா, ஊட்டி, தேக்கடி, தாய்லாந்துகூட இருக்கிறது. எல்லாம் காலாவதி. பின்பக்கத்துப் பொடி எழுத்தை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து எனக்கு விளக்கியிருக்கிறார். பயணச் செலவு நம்முடையது, சாப்பாடும் நம்முடையது. வரியும் ‘சேவைக் கட்டணமும்’ முன்கூட்டிக் கட்டவேண்டும். நாற்பத்தைந்து நாள் முன்னால் மூன்று தேதி எழுதிக் கொடுக்கவேண்டும். ஓணம், கிறிஸ்துமஸ், கோடை விடுமுறை, சனி ஞாயிறு கிடையாது. இத்தனைக்கும் பிறகு, அறை இருந்தால் தருவார்கள். இவர் குணத்துக்கு ‘முன்கூட்டிக் கட்டவேண்டும்’ என்ற இடத்திலேயே பயணம் முடிந்துவிடும்.

ஒரே ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார். கொடுத்த தேதி மூன்றும் போய், நாலாவதாக அவர்களே ஒரு தேதி கொடுத்தார்கள்: மூணாறு, கர்க்கடக மாதம். மலையைப் பார்க்கப் போனவர்கள் மூன்று பகலும் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார்கள். உணவகத்தில் மசால் தோசை விலையைப் படித்துவிட்டு அண்ணாச்சி மெனு அட்டையை மூடி வைத்தார். வரும்போதே சந்தேகப்பட்டு அரிசியும் பருப்பும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கிச்சன் இருந்தது. கேஸ் இருந்தது. வீடு மாதிரியே மதினி சமைத்தாள். இரண்டாம் நாள் காலை கதவு தட்டப்பட்டது: “சார், வெறும் ஒன் அவர், ஒரு சின்ன பிரசென்டேஷன்...” மழைக்கு அது தேவலை என்று இருவரும் போய்விட்டு வந்தார்கள்.

அக்கம்பக்கத்தில் யாருக்காவது அந்தப் போன் வந்தால் இப்போதும் முதலில் அண்ணாச்சியிடம்தான் ஓடுவார்கள். “போகலாம். கார்டை வீட்ல வச்சுட்டுப் போ. சாயங்காலம் ஒனக்கு வேற சோலி இல்லேன்னா மட்டும் போ. பரிசு பொருளா இருந்தா வாங்கு. காகிதமா இருந்தா டீயக் குடிச்சிட்டு எந்திரிச்சு வந்துரு. ‘யோசிச்சுச் சொல்றேன்’னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிராத, வேண்டாம்னு சொல்லு” என்பார். கட்டணம் வாங்குவதில்லை.

போன மாதம்தான் அவருக்கு அடி விழுந்தது. வழக்கம்போல் ஒரு பெண் வாழ்த்துச் சொல்லி, வயதைக் கேட்டாள். வருமானத்தில் சைபர் சேர்க்கத் தெரிந்தவருக்கு வயதில் பொய் சொல்லத் தோன்றவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டார். “சாரி சார், அறுபது வரைக்கும்தான் எலிஜிபிள்” என்றாள் அவள்.

எதையும் வாங்குவதில்லை என்று சபதம் எடுத்த மனிதர் அன்று அரைமணி நேரம், தன்னை வாங்கக்கூடிய ஆளாக ஒத்துக்கொள்ளும்படி சண்டை போட்டார். “இருபத்தஞ்சு வருஷம் நான் இருக்கமாட்டேன்னு ஒனக்கு யாரு சொன்னா? எங்க தாத்தா தொண்ணூத்தாறு! அப்பா தொண்ணூத்திரண்டு!” மூச்சு வாங்கியது. போனை மதினியிடம் நீட்டினார். “நீ சொல்லு இவட்ட.”

மதினி ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

“மோளே, இவுக இருப்பாக. அதுல சந்தேகமில்ல. ஒங்க கம்பெனி இருக்குமா?”