பூனைக்குப் பாடம்

கேள்வி: வீட்டுக்குப் புதிதாக ஒரு பூனைக்குட்டி வந்திருக்கிறது. சோபாவைக் கிழிக்கிறது, கையைக் கடிக்கிறது, நள்ளிரவில் வீட்டையே சுற்றி ஓடுகிறது. அதை ஒழுக்கமாகவும் சந்தோஷமாகவும் வளர்ப்பது எப்படி?
– தூக்கம் தொலைத்தவர், கும்பகோணம்

பதில்: ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது’ என்பது பூனைக்கு வாரக்கணக்கு. சுமார் 2 முதல் 7 வாரத்துக்குள் மனிதக் கை பட்டுப் பழகிய குட்டிதான் பின்னாளில் தயங்காமல் மடியேறும். அதற்காகத் தாயிடமிருந்து பிடுங்கி வரக் கூடாது. 8 வாரமாவது அங்கே இருக்கட்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்ற பாடத்தைத் தாயும் கூடப்பிறந்தவைகளும்தான் நடத்தும்.

விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டினால், விரல்தான் எலி என்று அது முடிவு கட்டிவிடும். கயிற்றில் கட்டிய துணியை ஆட்டுங்கள். நகம் தீட்டுவது பிறவிக் குணம். சணல் கயிறு சுற்றிய கட்டை ஒன்றைச் சோபா பக்கத்திலேயே நிறுத்துங்கள். படுக்கும் முன் நன்றாக ஓடவிட்டு, பிறகு சாப்பாடு வையுங்கள். வேட்டை, விருந்து, உறக்கம் என்பதே அதன் கால அட்டவணை. பசும்பால் வேண்டாம், பல பூனைகளுக்கு அது வயிற்றைக் கலக்கும், பிறகு மணல் தட்டு உங்களைக் கலக்கும். தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடியும் திட்டும் பலிக்காது. ‘சோபாவைக் கிழிக்கக் கூடாது’ என்பது அதற்குப் புரியாது. ‘இந்த ஆள் ஆபத்தானவர்’ என்பது மட்டும் நன்றாகப் புரியும்.

இத்தனையும் தவறாமல் செய்து வந்தால், சீக்கிரமே ஒழுக்கம் வந்துவிடும். உங்களுக்கு!